ஓவசியர் பின்னிய காப்பெற்

மழைகூட மட்டம் பார்த்து நேர்கோட்டில்தான் பெய்யவேண்டும் என்று எதிர்பார்த்த மனிதர் இந்தத் தீவுப்பகுதி முழுவதிலும் ஒருவர்தான். அவர் எங்கள் ஒழுங்கையில் குடியிருந்தார். அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும், பெற்றவர்கள் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் வேலணையில் ஓவசியர் என்று சொன்னால்தான் ஆளைத் தெரியும். றோட்டு வேலைகளை மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றார் என்று அரசாங்கம்தான் நினைத்துக்கொண்டிருந்தது. இடுப்பில் அளவுநாடா இல்லாமல் அவர் கோயிலுக்குக்கூடப் போனதில்லை.

யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் அவர் ஏறினால் சாரதியின் முகம் கறுத்துவிடும். சரியாகச் சாரதிக்குப் பின்னால் இருந்துகொண்டு, இனி இடப்பக்கம் குழியாக ஒரு கிடங்கு வரும் என்று முன்கூட்டியே அறிவிப்பார். கிடங்கும் மரியாதையாகச் சொன்ன இடத்தில் வரும். பஸ் துள்ளும். தான் வேலையில் இருந்த காலத்தில் இந்தக் கிடங்கு இருக்கவில்லை என்று திரும்பி எங்கள் எல்லோருக்கும் விளக்கம் சொல்வார். என் தம்பியின் கலியாணத்துக்கு வந்தவர், தாலி கட்டுகிற நேரம் பார்த்து எழும்பிப் போய், மணவறையின் ஒரு காலுக்குக் கீழே கடதாசி மடித்து வைத்துவிட்டு வந்து இருந்தார். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். அதற்குப் பிறகு மணவறை ஆடவில்லை என்பதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

அப்படிப்பட்ட ஓவசியர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெரிய பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுப் படலையைத் திறந்தார். நான் கந்தோரில் கிளாக்கர். ஞாயிறு எனக்கு உடுப்புத் தோய்க்கிற நாள். கை முழுக்கச் சவர்க்கார நுரையோடு நின்ற எனக்கு முன்னால் பையைக் கவிழ்த்தார். பச்சை, மஞ்சள், ரோசா, ஊதா என்று கம்பளி நூல் பந்துகள் முற்றமெல்லாம் உருண்டன.

"தங்கச்சி, உமக்குக் குறோசே பின்னல் தெரியும் எல்லே? எனக்கு ஒருக்காக் காட்டித் தாரும்."

பள்ளிக்கூடத்தில் படித்த பின்னல். கொளுக்கி ஊசி எங்கேயோ அலுமாரிக்குள் கிடந்தது. ஆருக்கு, எதுக்கு என்று கேட்டேன். பிள்ளைகள் இரண்டு பேரும் கோயில் திருவிழாவுக்கு வருகிறார்களாம், அவர்களுக்குத் தன் கையாலேயே நிலத்தில் விரிக்கிற ஒரு காப்பெற் செய்து கொடுக்கவேண்டுமாம். றோட்டுக்குத் தார் போட்ட கை நூல் பின்னுமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

ஏனென்றால் அந்த வீட்டுக் கதை ஒழுங்கை முழுக்கத் தெரிந்த கதை. ஓவசியர் தன் காணியைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியை மகள் வசந்திக்குச் சீதனமாகவும் மற்றப் பாதியை மகன் குகனுக்கும் எழுதினார். நடுவில் தானே நூல் பிடித்து, வேலிக்குப் பச்சைத் தடிகளாகக் கதியால் நட்டார். மகள் பிரான்சுக்குப் போனாள், மகன் கனடாவுக்குப் போனான். கதியால்கள் தங்கள்பாட்டில் தழைத்துப் பருத்துச் சரிந்தன. ஒருமுறை வந்து பார்த்த குகன், வேலி தன்னுடைய பக்கம் ஒரு அடி வந்துவிட்டது என்றான். வசந்தி அங்கிருந்துகொண்டு, அண்ணனுடைய கண் தன் காணியில் என்றாள். ஆடுகூட எட்டிப் பார்க்காத அந்த ஒரு அடிக்காக இருவருக்கும் இடையில் பேச்சு நின்றது. நின்று பல வருசம். ஓவசியருக்கு இரட்டை அடி. பிள்ளைகளும் பிரிந்தார்கள், தான் பிடித்த நேர்கோட்டிலும் பிழை என்று பெற்ற பிள்ளையே சொல்லிவிட்டான்.

"ரெண்டு பேரும் ஒண்டா இருந்து கதைக்கவேணும் தங்கச்சி. அது காணும் எனக்கு," என்றார். அதற்குப் பிறகு என்னால் எப்படி மறுக்க ஏலும்? கையைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

முதலில் வட்டமாகப் பின்னக் காட்டினேன். ஒவ்வொரு சுற்றிலும் சில கண்ணிகளைக் கூட்டவேண்டும், கூட்டினால்தான் பின்னல் தரையில் படியும் என்றேன். கூட்டுவது என்ற சொல்லே அவருக்குப் பிடிக்கவில்லை. ஒப்பந்தக்காரர்கள் அளவைக் கூட்டிக் காட்டுவதைப் பிடிப்பதிலேயே சீவியத்தைக் கழித்த மனிதர். தொடங்கின கணக்கிலேயே முடிக்கவேண்டும் என்று பிடிவாதமாகப் பின்னினார். ஓரமெல்லாம் மேலே எழும்பி, காப்பெற் ஒரு சட்டியாக வந்தது. அதற்குள் அவருடைய கோழி ஏறி அடைகாக்கத் தொடங்கிவிட்டது. கோழியை எழுப்ப அவருக்கும் மனமில்லை, எனக்கும் மனமில்லை. அடுத்த முறை என்மீது கோபத்தில் கண்டபடி கூட்டினார். அது பாவாடைச் சுருக்குப் போல ஓரமெல்லாம் அலையடித்தது.

வட்டம் இவருக்கு ஒத்துவராது என்று நீள்சதுரத்துக்கு மாறினோம். அப்போதுதான் மனிதர் தன் பாதைக்கு வந்தார். இரண்டு பக்கமும் ஆணி அடித்து நூல் கட்டி, ஒவ்வொரு வரி முடியும்போதும் மட்டம் பார்த்தார். மேலே புடைப்பாக வருகிற முண்டுப் பின்னலை நான் காட்டினேன். அவர் அதற்குக் கல்லு என்று பெயர் வைத்துவிட்டார். இண்டைக்கு ஒரு வரி கல்லுப் பரவினனான் என்று படலையில் நின்று அறிக்கை தருவார். கால் வைத்தால் மெத்தென்று உள்ளங்கால் கூசும். உண்மையைச் சொன்னால், வடிவாகத்தான் வந்துகொண்டிருந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையும் வந்தது.

ஆனால் என் மூளை குழம்பத் தொடங்கியதும் அப்போதுதான். ரோசாவும் ஊதாவுமாகப் பாதி முடித்தவர், மற்றப் பாதியைப் பச்சையும் மஞ்சளுமாகத் தொடங்கினார். இரண்டுக்கும் நடுவில் கன்னங்கரேலென்று கறுப்பில் ஒரு வரி.

"இதென்ன அண்ணை, நடுவிலை கறுப்பு?"

"எல்லை."

"ரெண்டு பேரையும் சேர்க்கிறதுக்கெண்டு சொன்னீங்கள். பிறகேன் எல்லை?"

"எல்லை இல்லாட்டில் சண்டை வரும் எல்லே?" என்று என்னைப் பார்த்து ஒரு குழந்தைப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். எல்லையால்தானே சண்டையே வந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் நாடாவை இழுத்து அளக்கத் தொடங்கிவிட்டார். நிறங்களைக் கலந்து பின்னுங்கோ, கோடே வேண்டாம் என்று நான் மன்றாடிப் பார்த்தேன். கலந்தால் யாருக்கு எவ்வளவு என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். நான் தலையில் கையை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கடைசிப் பாதியை அவர் தனியாகத்தான் பின்னினார்.

திருவிழாவுக்கு இரண்டு பேரும் வந்தார்கள். குகன் முன் அறையில், வசந்தி பின் அறையில். ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டார்கள், கதையெல்லாம் தகப்பன் வழியாகத்தான். அப்பா, அந்தச் சம்பல் கோப்பையை இஞ்சாலை தரச் சொல்லுங்கோ என்று குகன் சொல்வான். சம்பல் வசந்தியின் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கும். அவள் அதை எடுத்துத் தகப்பனிடம் கொடுப்பாள். தகப்பன் அதை மகனிடம் கொடுப்பார். ஒருநாள் எனக்கும் அங்கேதான் சாப்பாடு, இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

தேர் முடிந்த அடுத்த நாள் பின்னேரம் என்னையும் கூப்பிட்டுவைத்துக்கொண்டு ஓவசியர் காப்பெற்றை விறாந்தையில் விரித்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் கிட்ட வந்து பார்த்தார்கள். அப்பாவா பின்னினது என்று வசந்தி என்னிடம் கேட்டாள். ஓம் என்றேன். அவள் குனிந்து ரோசாப் பக்கத்தைத் தடவினாள், அங்கேயே இருந்தாள். குகன் பச்சைப் பக்கத்தில் இருந்தான். நடுவில் கறுப்புக் கோடு. யாராவது வாயைத் திறவுங்களேன் என்று மனதுக்குள் கும்பிட்டேன். ஓவசியர் தேத்தண்ணி ஊற்றப் போவதாகச் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

குகன் கொஞ்ச நேரம் கல்லுகளைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு விரலை விரித்துச் சாண் போட்டான். தன் பக்கம் அளந்தான். கறுப்புக் கோட்டைத் தாண்டி மற்றப் பக்கத்தையும் அளந்தான். ஓவசியருக்குப் பிறந்த பிள்ளை, அளக்காமல் இருக்க ஏலுமா?

"உன்ரை பக்கம் நாலு விரல் கூட," என்றான். தகப்பனிடம் அல்ல, நேராகத் தங்கச்சி வசந்தியிடம்.

"நானே பின்னினனான்?"

"காணியிலையும் நீதான், இதிலையும் நீதான்."

"எனக்குப் பிள்ளை பிறந்ததுக்கு நீ ஒரு போன் எடுக்கேல்லை. இப்ப நாலு விரலுக்கு வாய் திறக்கிறாய்."

"எனக்கு ஒப்பிறேசன் நடந்ததுக்கு நீ எடுத்தனியோ?"

வசந்திக்கு அந்த ஒப்பிறேசன் தெரியாது. என்ன ஒப்பிறேசன், ஆர் சொன்னது, ஏன் ஒருவரும் தனக்குச் சொல்லவில்லை என்று அவள் கத்த, தெரிந்திருந்தால் மட்டும் வந்து கிழித்திருப்பாயோ என்று அவன் கத்த, விறாந்தை அதிர்ந்தது. அவன் எழும்பிப் போய்க் கத்தரிக்கோலோடு வந்தான், கூடின நாலு விரலையும் வெட்டிச் சமன் செய்யப்போகிறானாம். குறோசே பின்னலை வெட்டினால் முழுக்க உருவிக்கொண்டு போய்விடும் என்று நான் காப்பெற்றின் மேல் குறுக்கே விழாத குறை. அவள் கத்தரிக்கோலைப் பறிக்க, அவன் விடாமல் இழுக்க, இரண்டு பேரும் கறுப்புக் கோட்டின் மேலேயே நின்று மல்லுக்கட்டினார்கள்.

நான் குசினிக்குள் ஓடினேன். ஓவசியர் சின்னக் கதிரையில் வெறுங்கையோடு இருந்தார். அடுப்பு மூட்டியிருக்கவில்லை.

"அண்ணை, அடிபடப் போகினம். வந்து நிப்பாட்டுங்கோ."

"கொஞ்சம் பொறும் தங்கச்சி," என்று சொல்லிக் காதைத் தீட்டினார். "அவன் இப்ப அவளை என்னெண்டு கூப்பிட்டவன்?"

எனக்குச் சொல்லவே கூச்சமாக இருந்தது. "மூதேவி எண்டு."

"ஓம்," என்றார். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர். "சின்னனிலையும் உப்பிடித்தான் கூப்பிடுறவன்."

வரிக்கு வரி மட்டம் பார்த்த மனிதருக்கு அந்த நாலு விரல் எப்படிப் பிசகியது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பின்னப் பின்னக் கை இறுகிப் பின்பாதி சுருங்குவது புதிதாகப் பழகுபவர்களுக்கு வழக்கம்தான், அது தற்செயலாகவும் இருக்கலாம். இல்லையென்றால் வேண்டுமென்றே குறைத்துப் பின்னி, ஆள் என்னையும் சேர்த்துப் பேய்க்காட்டியிருக்கலாம். அன்றைக்கு அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். சண்டை இன்னும் கொஞ்ச நேரம் நடக்கட்டும் என்று நயினாதீவு அம்மாளை வேண்டிக்கொண்டேன்.