தெரியலையே கேப்டன்

மனித குலம் பறக்கக் கற்றுக்கொண்டது இரண்டு உயர்ந்த நோக்கங்களுக்காக. ஒன்று, ஊர் விட்டு ஊர் சீக்கிரம் போய்ச் சேர. இன்னொன்று, பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒருவர் விடுகதை போட, பக்கத்தில் இருப்பவர் எழுந்து போக வழியில்லாமல் கேட்க. முதல் நோக்கத்தை எத்தனையோ விமானிகள் நிறைவேற்றி வருகிறார்கள். இரண்டாவதை ஒற்றை ஆளாகத் தோளில் சுமந்தவர் நம் கேப்டன்.

பத்தொன்பது வருடச் சேவையில் அவர் இயற்றியவை முந்நூற்றுப் பன்னிரண்டு. எல்லாமே தொழில் சார்ந்தவை. விமானிகளின் ஓய்வறையில், காபி இயந்திரத்துக்கு மேலே ஒரு வெள்ளைப் பலகை தொங்கும். வானிலைக் குறிப்பு எழுதத்தான் அதை வாங்கினார்கள். வானிலை தினம் தினம் மாறுகிறது, இலக்கியம் நிலைத்து நிற்கிறது என்று கேப்டன் அதைக் கையகப்படுத்திக்கொண்டார்.

"தெருவுல போட்டா வியாபாரம், வானத்துல போட்டா விபரீதம். அது என்ன?"

விடை, ஸ்டால். வேகம் குறைந்துபோய் விமானம் தொப்பென்று கீழே இறங்கத் தொடங்குவதற்கு விமானிகள் வைத்திருக்கும் பெயர் அது.

"ஆட்டோன்னு பேரு, சவாரிக்குக் கூப்பிட்டா வராது. பைலட்டுன்னு பேரு, லீவு கேக்காது. அது என்ன?"

ஆட்டோபைலட். இதற்கு ஓய்வறையே விழுந்து விழுந்து சிரித்தது, ஒன்பது முறை. ஆனால் கேப்டன் தன் தலைசிறந்த படைப்பு என்று கருதியது வேறு. "பேரு கறுப்பு, நிறம் ஆரஞ்சு. வாயே இல்ல, ஆனா எல்லாத்தையும் போட்டுக் குடுத்துடும். அது என்ன?" விமானி அறையில் பேசுவதையெல்லாம் பதிவு செய்யும் கறுப்புப் பெட்டிதான் அது.

இந்த விடுகதைகளுக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. எந்தக் கையேட்டிலும் அது கிடையாது, ஆனால் எல்லாருக்கும் மனப்பாடம். கேப்டன் கேட்டதும் துணை விமானி மூன்று விநாடி நெற்றியைச் சுருக்க வேண்டும். பிறகு, "தெரியலையே கேப்டன், நீங்களே சொல்லுங்க" என்று சொல்ல வேண்டும். விடை வந்ததும் சிரிக்க வேண்டும். துணை விமானிகளைப் பற்றி மாதா மாதம் கேப்டன் நிரப்பும் படிவத்தில் "குழு உணர்வு" என்று ஒரு கட்டம் இருந்தது. நாலு விநாடிக்குக் குறைவாகச் சிரிப்பவர்களிடம் குழு உணர்வு போதவில்லை என்பது அவருடைய பாரபட்சமற்ற கணிப்பு.

வீட்டில்தான் கலைக்கு மரியாதை இல்லை.

"ஏம்மா, ஒண்ணு சொல்றேன், கேளேன்" என்பார்.

"கொஞ்சம் இருங்க, வெங்காயத்த எடுத்துக்கறேன்" என்பார் அவர் மனைவி. "எப்படியும் அழத்தானே போறேன்!"

பாவம், அவளுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று கேப்டன் முடிவு கட்டி வருடங்கள் ஆகின்றன. மனைவியைப் பற்றி மாதாந்தரப் படிவம் எதுவும் கிடையாது என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவர் பயங்கர உற்சாகத்தில் இருந்தார். பயிற்சித் தலைவர் பதவிக்கு அவர் பெயர் போயிருந்தது. பின்னால் அறுபத்தெட்டு பயணிகள். பக்கத்தில் துணை விமானி, வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆன பெண். விமானம் தரையிறங்கத் தாழ்ந்துகொண்டிருந்தது. இந்த உயரத்தில் வேலையைத் தவிர வேறு பேச்சு கூடாது என்பது விதி. விடுகதையும் வேலையில் சேர்ந்ததுதான் என்பது கேப்டனின் உரை.

"எதிர்ல வந்தா திட்டுவோம், பின்னாடி வந்தா சந்தோஷப்படுவோம். ஆனா இறங்கறப்போ மட்டும் எதிர்ல வந்தாத்தான் நல்லது. யாரு அது?"

"தெரியலையே கேப்டன், நீங்களே சொல்லுங்க."

"காத்து!"

அவள் நாலரை விநாடி சிரித்தாள். அந்த ஆனந்தத்தில் ஒரு சிறு விஷயம் விட்டுப்போனது. சக்கரங்களை இறக்கச் சொல்லிக் கேப்டன் உத்தரவு கொடுக்க வேண்டிய நேரத்தில், அவர் அடுத்த விடுகதைக்கு எதுகை தேடிக்கொண்டிருந்தார். ஓடுபாதை பெரிதாகிக்கொண்டே வந்தது. ஏதோ கண்ணை உறுத்த, கேப்டன் குனிந்து பார்த்தார். சக்கரங்கள் இறங்கியிருந்தால் எரிய வேண்டிய விளக்குகள் எரியவில்லை.

"மூணு பச்சை விளக்கு இருக்கணும். ஒண்ணைக்கூடக் காணோம். ஏன்?"

பத்தொன்பது வருடத்தில் விடை தெரியாமல் அவர் கேட்ட முதல் கேள்வி அது. துணை விமானி நெற்றியைச் சுருக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

"தெரியலையே கேப்டன், நீங்களே சொல்லுங்க."

மனிதர்கள் சம்பிரதாயம் காத்ததால் இயந்திரம் வாயைத் திறந்தது. எச்சரிக்கை ஒலி அலறியது. அதற்கும் படிவம் கிடையாது. கேப்டன் பதறியடித்துக்கொண்டு விமானத்தை மேலே தூக்கினார். ஒரு சுற்று சுற்றி வந்து, சக்கரங்களை இறக்கி, பத்திரமாகத் தரை தொட்டார்கள். ஓடுபாதையில் நெரிசல் என்று பயணிகளுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. அதுவும் கேப்டன் இயற்றியதுதான்.

ஒன்பது நாள் கழித்து விசாரணைக் குழு கூடியது. நீள மேஜை, மூன்று உறுப்பினர்கள், நடுவில் பாதுகாப்பு இயக்குநர். கறுப்புப் பெட்டியில் பதிவானதை எழுத்தர் தாளைப் பார்த்து வாசித்தார்.

"கேப்டன், 'காத்து'. துணை விமானி, சிரிப்பு, நாலரை விநாடி. கேப்டன், சிரிப்பு, பதினோரு விநாடி."

யாரும் சிரிக்கவில்லை. படிவம் இல்லாத இடத்தில் தன் விடுகதை எப்படிக் கேட்கிறது என்பதைக் கேப்டன் அன்றுதான் கேட்டார்.

"ஏம்மா, விளக்கு ஏன் எரியலன்னு உங்களுக்குத் தெரியலையா?" என்றார் இயக்குநர்.

"தெரிஞ்சுது சார்" என்றாள் துணை விமானி.

"அப்புறம் ஏன் சொல்லல?"

"விடுகதைன்னு நெனச்சேன் சார். தெரிஞ்சாலும் தெரியலன்னு சொல்றதுதான் வழக்கம்."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். சேந்த புதுசுல ஒரு விடுகதைக்குச் சரியா விடை சொல்லிட்டேன். அந்த மாசம் குழு உணர்வுல பத்துக்கு மூணு. அதுலேருந்து எனக்கு எதுவுமே தெரியறதில்ல சார்."

கேப்டனுக்கு அந்தப் படிவம் நினைவிருந்தது. "அவசரக்குடுக்கை" என்று குறிப்பு வேறு எழுதியிருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த அறுபத்தெட்டு பேரையும் நினைத்துப் பார்த்தார். இனி ஜென்மத்துக்கும் விடுகதை போடுவதில்லை, நாளை முதல் வேலையாக அந்தப் பலகையில் வானிலையை எழுதுவது என்று மனசார முடிவு செய்தார்.

இயக்குநர் கோப்பைத் தன் பக்கம் இழுத்தார். கேப்டனின் உத்தியோகம், பதவி உயர்வு எல்லாமே அவர் எழுதப்போகும் இரண்டு வரியில் இருந்தது. பேனா மூடியைக் கழற்றியவர், சட்டென்று முகம் மலர்ந்தார்.

"ஏன் கேப்டன் இவ்ளோ இறுக்கமா இருக்கீங்க? நானும் ஒண்ணு கேக்கறேன். போன வாரம் நானே யோசிச்சது. பேரு கறுப்பு, நிறம் ஆரஞ்சு. வாயே இல்ல, ஆனா எல்லாத்தையும் போட்டுக் குடுத்துடும். அது என்ன?"

மற்ற இரண்டு உறுப்பினர்களும் அதற்குள் நெற்றியைச் சுருக்கியிருந்தார்கள். துணை விமானி கேப்டனைப் பார்த்தாள். கேப்டன் பேனாவைப் பார்த்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று.

"தெரியலையே சார், நீங்களே சொல்லுங்க."

விடை வந்ததும் ஐந்து விநாடி சிரித்தார். இயக்குநர் திருப்தியோடு எழுதினார்: "குழு உணர்வு பத்துக்குப் பத்து. புதியவர்களுக்குப் பயிற்சியளிக்க இவரே தகுந்தவர்."