லத்தீஃபா கொண்டுபோன இரண்டாவது பாட்டில்

பாபநாசத்தில் பேய் ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் பிழைப்பு போய்விட்டது. வீட்டுக்கு வீடு கேபிள் டி.வி. வந்த பிறகு ஜனங்களுக்குப் பேய் பிடிப்பதில்லை, கொலஸ்ட்ரால்தான் பிடிக்கிறது. அதை ஓட்ட ரெத்தினச் சாமி வந்தார்.

காலையில் ஒரு சிட்டிகை விபூதிச் சூரணம். வாரம் ஒருநாள், குளிர்பான பாட்டிலில் சிறுநீரைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். வெளுத்திருந்தால் இன்னொரு டப்பா. கறுத்திருந்தால் கொழுப்பு கரைகிறது, ஆகவே இன்னொரு டப்பா! என்ன ஒரு விஞ்ஞானம்!

துபாயிலிருந்து லீவில் வந்த சித்தீக் முன்ஜாக்கிரதைக்காரர். காலையில் சாமியின் சூரணம், இரவில் டாக்டர் கொடுத்த கொலஸ்ட்ரால் மாத்திரை. யார் மனமும் கோணக்கூடாதல்லவா? பத்தே நாளில் தொடையெல்லாம் வலி, எழுந்து நிற்க முடியவில்லை. சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் போனது.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம் வாங்க" என்று அழுதாள் மனைவி லத்தீஃபா.

"கொழுப்பு இறங்குற நேரத்துலயா? சாமிகிட்ட காட்டணும், ஆட்டோவக் கூப்பிடு."

சித்தீக்கைத் தாங்கி ஏற்றிவிட்டு லத்தீஃபா இரண்டு பாட்டில்களோடு ஏறினாள். சாமி முதல் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். "பாத்தீங்களா, எப்படிக் கரையுது!" கூட்டம் கைதட்டியது. முன்வரிசை அமிர்தத்தம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இதையும் பாருங்கய்யா" என்று லத்தீஃபா இரண்டாவதை நீட்டினாள்.

"அடேயப்பா! இது அதைவிட முத்துன கொழுப்பு. மூணு டப்பா சாப்பிடணும்."

லத்தீஃபா மூடியைத் திறந்து மடமடவென்று குடித்தாள். கூட்டம் அலறியது.

"சுலைமானிங்க. பால் ஊத்தாத டீ. எலுமிச்சம்பழம்தான் கொஞ்சம் கூடிப்போச்சு."

சாமி பதறி எழுந்ததில் பின்னாலிருந்த சாக்கு சரிந்தது. உள்ளே விபூதி இல்லை. காலி மாத்திரை அட்டைகள். சித்தீக் ஒன்றை எடுத்துத் தன் சட்டைப்பையில் இருந்த அட்டையோடு வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே மாத்திரை! நிமிர்ந்தபோது சாமி வயல்வரப்பில் ஓடிக்கொண்டிருந்தார். கொழுப்பில்லாத உடம்பு, நல்ல வேகம்.

தஞ்சாவூர் டாக்டர் திட்டினார். "அளவா சாப்பிட்டா இது நல்ல மாத்திரை. சூரணத்துலயும் இதையே பொடிச்சுப் போட்டிருக்கான், நீங்க ரெண்டையும் கணக்கில்லாம முழுங்கியிருக்கீங்க. தசை சிதைஞ்சு, அந்தக் கழிவு கிட்னியக் கெடுத்திருக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கிட்னி திரும்பியிருக்காது."

நாலு முறை டயாலிசிஸ். சித்தீக் பிழைத்து வீடு திரும்பியதும் அமிர்தத்தம்மாள் பார்க்க வந்தாள். லத்தீஃபாவை ஓரமாக அழைத்துக் கேட்டாள்:

"ஏம்மா, அந்தச் சுலைமானிய வெறும் வயித்துலயா குடிக்கணும்?"

கொழுப்பைக் குறைக்க மாத்திரை இருக்கிறது. யோசிப்பதற்கு இன்னும் யாரும் மாத்திரை கண்டுபிடிக்கவில்லை. அதுவரை அதை நாமேதான் செய்தாக வேண்டும்.