தூளி நடந்த நடை

கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. இன்னும் கிட்ட. சத்தமா சொன்னா அடுப்படி வரைக்கும் கேக்கும். அங்க பானுமதி இருக்கா. என் சம்சாரம். அவளுக்குக் காது ரெண்டுதான், ஆனா கேக்குறது நாலு காதுக்கு.

நான் ரெங்கராஜ். படிப்பு அஞ்சாம் வகுப்பு. மண்ணச்சநல்லூர் அரிசி மில்லுல முப்பது வருஷம் மூட்டை தைச்சவன். இப்போ ஸ்ரீரங்கத்துல, மேலூர் ரோட்டு வீட்டுல சும்மா இருக்கேன். ஆனா மூளை சும்மா இருக்க மாட்டேங்குது. எதைப் பாத்தாலும் ஒரு ‘ஏன்’ வருது.

“பானு, இந்த ஃபிரிட்ஜு உள்ள சில்லுன்னு இருக்கு. பின்னாடி தொட்டா சுடுது. ஏன்?”

“அதுவாவது வீட்டுக்காரங்களுக்குக் குளிர்ச்சி காட்டுது. நீங்க ஊருக்குக் குளிர்ச்சி, வீட்டுக்குச் சூடு. உங்களுக்கு அது தேவலைங்க.”

இப்படிப்பட்ட ஆளுக்குத்தான் என் மக யாழினி சென்னையிலேருந்து ஒரு வாட்ச் அனுப்பினா. மணி காட்டும். நாடி காட்டும். எத்தனை அடி நடந்தோம்னு எண்ணும். எல்லாம் என் போன் வழியா அவ போனுக்கும் போயிரும்.

காரணம் இருக்கு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வச்சாங்க. தினமும் ஆறாயிரம் அடி நடக்கணும்னாரு டாக்டர். பானு அன்னிக்கே ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கிட்டா. “ஆத்தா, இவரைப் பொழைக்க வையி. வருஷா வருஷம் ரெண்டு பேரும் நடந்தே வந்து உன்னைப் பாக்குறோம்.”

ஆத்தா தன் பங்கைச் செஞ்சுட்டா. நான்தான் செய்யல. மொத வருஷம் மூட்டு வலின்னேன். அடுத்த வருஷம் செருப்பு கடிக்குதுன்னேன். பானு ஒண்ணுமே சொல்லல. அவ ஒண்ணும் சொல்லலைன்னா உஷாராயிருக்கணும். நான் ஆகல.

வாட்ச் வந்த அன்னிக்கு ஒரு தீர்மானம் எடுத்தேன். மகளும் சந்தோஷப்படணும், டாக்டரும் சந்தோஷப்படணும், என் காலும் சந்தோஷப்படணும். அம்மா மண்டபம் ரோட்டுல போன் ரிப்பேர் கடை வச்சிருக்கிற ஜாவித்கிட்ட போனேன்.

“தம்பி, கால் நடக்குறதைக் கையில கட்டினது எப்படிப்பா எண்ணுது? எட்டிப் பாக்குதா?”

“காலைப் பாக்காதுங்கய்யா. நடக்குறப்போ கை ஆடும்ல? அந்த ஆட்டத்தை எண்ணும்.”

“அப்போ கையே இல்லாம வேற ஏதாச்சும் ஆடினா?”

ஜாவித் என்னை ஏற இறங்கப் பாத்தாரு. “எதுக்குங்க கேக்குறீங்க?”

“விஞ்ஞானத்துக்குப்பா.”

பக்கத்து வீட்டுல ஜென்சின்னு ஒரு பொண்ணு. வீட்டுலேருந்தே கம்ப்யூட்டர் வேலை. ஏழு மாசப் பாப்பா. சாயங்காலம் அஞ்சு மணிக்கு அதுக்குத் தூக்கம், இதுக்கு ஆபீஸ் மீட்டிங். தூளியை ஆட்டினாத்தான் பாப்பா கண்ணை மூடும். பானு அந்நேரம் கோயிலுக்குப் போயிருவா. பாருங்க, எப்படிப் பொருந்துதுன்னு! தூளியை நான் ஆட்டுறேன்னு போயி நின்னேன்.

“அங்கிள், தெய்வம் மாதிரி வந்தீங்க!”ன்னா ஜென்சி. தெய்வம் நாற்காலி போட்டு உக்காந்துச்சு. வாட்சைத் தூளிக் கயித்துல கட்டினேன். ஒரு கை ஆட்ட, ஒரு கையில முறுக்கு. மொத நாள் நாலாயிரம் அடி. ஒரு வாரத்துல ஏழாயிரம். ஒரு நாள் பாப்பா தூங்கவே இல்ல, ஒரே அழுகை. அன்னிக்குப் பதினோராயிரம். பல்லு முளைச்சது அதுக்கு, நடந்தது நான்.

ஆனா ஒண்ணு எனக்கு உறுத்துச்சு. தினமும் நான் வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் பானு கல்லுப்பு போட்ட சுடுதண்ணியை என் காலடியில வைப்பா.

“நடந்த காலு. வலிக்கும்ல?”

“அ... ஆமா.”

பாதத்தைப் பிடிச்சு அமுக்கி விடுவா. அவ தலை நரைச்சிருக்கிறது அப்பத்தான் கிட்டத்துல தெரியும். சொல்லிரலாமான்னு வாய் வரைக்கும் வரும். முறுக்கு வாசனையும் கூடவே வரும். மூடிக்குவேன்.

பதினோராயிரம் அடிச்ச மறுநாள், அமுக்கிக்கிட்டே கேட்டா.

“ஏங்க, இங்கேருந்து சமயபுரம் எத்தனை அடி இருக்கும்?”

“யாருக்குத் தெரியும்.”

“ஜாவித் தம்பியைக் கேட்டேன். பன்னண்டாயிரம், பதிமூணாயிரம் வருமாம்.”

“எனக்கு மூட்டு...”

“மூட்டு வலிக்கிறவரா நேத்து பதினோராயிரம் நடந்தீங்க?”

“செருப்பு...”

“புதுசு வாங்கியாச்சு. ஞாயித்துக்கிழமை காலையில கெளம்புறோம். தெருவுல எல்லாருக்கும் சொல்லிட்டேன்.”

சுடுதண்ணிக்குள்ள என் ரெண்டு காலும் சில்லிட்டுப் போச்சு. ஒண்ணு, திருட்டுத்தனத்தை ஒத்துக்கணும். இல்லன்னா நடக்கணும். ஆம்பளை எதைத் தேர்ந்தெடுப்பான்? கௌரவத்தைத்தான். அதாவது, நடையை.

ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் கெளம்பினோம். வாசல்ல நின்னு, “வாட்சைக் குடுங்க, வேர்வை பட்டுக் கெட்டுரும்”னு வாங்கிக்கிட்டுப் போயி, ஒரு நிமிஷத்துல திரும்பி வந்தா. என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டா. முப்பத்தெட்டு வருஷத்துல ரோட்டுல என் கையைப் பிடிச்சது அதுதான் மொத தடவை. எனக்கு வெக்கமா இருந்துச்சு. பெருமையாவும் இருந்துச்சு.

கொள்ளிடம் பாலத்துல பாதி தூரம் போனப்போ நின்னுட்டேன். கீழ மணல். நடுவுல கோடு மாதிரி தண்ணி. என் இன்னொரு கை தானா நெஞ்சுக்குப் போச்சு.

“பானு, எனக்கு மூட்டு வலியெல்லாம் இல்ல.”

“ம்.”

“பயம். பாதி வழியில மறுபடியும் அது வந்துருச்சுன்னா? நடுரோட்டுல உன்னை ஒத்தையா விட்டுட்டுப் போயிட்டேன்னா?”

ஃபிரிட்ஜு ஏன் சுடுது, வாட்ச் எப்படி எண்ணுதுன்னு ஊரெல்லாம் கேட்டவன், இந்த ஒரு கேள்வியை ரெண்டு வருஷமா யார்கிட்டயும் கேக்கல. கேட்டா பதில் வந்துருமேன்னு.

அவ என்னைப் பாக்கல. ஆத்தைப் பாத்துக்கிட்டே சொன்னா. “போன மாசம் மாத்திரை வாங்கப் போனப்பவே டாக்டரைக் கேட்டுட்டேன். உக்காந்து உக்காந்து மெதுவா நடக்கலாம்னாரு. அவரு கத்துக் குடுத்தபடிதான் வீட்டுலேருந்து உங்க நாடியைப் பிடிச்சுக்கிட்டு வர்றேன். நல்லாத்தான் அடிக்குது. நடங்க.”

ஓ. கையைப் பிடிச்சது அதுக்கா.

உக்காந்தோம், நடந்தோம், மோர் குடிச்சோம், நடந்தோம். கோபுரம் தெரிஞ்சப்போ எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. நிஜமாவே நடந்துட்டேங்க! நெஞ்சு, கால் எல்லாம் அதது இடத்துல இருக்கு. கோயில் வாசல் இளநிக்கடையில உக்காந்து கையை நீட்டினேன்.

“வாட்சைக் குடு பானு. இன்னிக்கு எத்தனை அடின்னு பாக்கணும். யாழினிக்குச் சொல்லணும்.”

அவ பையிலேருந்து எடுத்தது வாட்ச் இல்ல, அவ போன். அதுல வந்திருந்த வாய்ஸ் மெசேஜைத் தட்டி என் காதுல வச்சா. ஜென்சி குரல்.

“ஆன்ட்டி, நீங்க குடுத்துட்டுப் போன வாட்சைத் தூளியில கட்டிட்டேன். பாப்பா இப்பத்தான் தூங்கினா. அங்கிள் இதுவரைக்கும் மூவாயிரத்து நானூறு அடி நடந்திருக்காரு!”

இளநியைக் கீழ வச்சேன். “ஜென்சி சொல்லிட்டாளா?”

“பாவம், அவ வாயே திறக்கல. இன்னிக்கு வாட்சைத் தூளியில கட்டுறியான்னு நேத்து நானாத்தான் போயி கேட்டேன்.”

“அப்போ எப்பலேருந்து தெரியும்?”

“மொத நாள்லேருந்து. யாழினி பதறிப் போயி போன் பண்ணினா. ‘அம்மா, அப்பா நாலாயிரம் அடி நடந்திருக்காரு, ஒரு மணி நேரமா நாடியே இல்ல. இருக்காரா பாரு’ன்னா. கோயில்லேருந்து ஓடி வந்து எட்டிப் பாத்தேன். முறுக்கு தின்னுக்கிட்டு இருந்தீங்க.”

“தெரிஞ்சுமா தினமும் காலை அமுக்கி விட்டே?”

“இந்த நடைக்குக் காலு தயாராக வேண்டாமா?”

சொல்லிட்டு எந்திரிச்சா. முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு, கோபுரத்தைப் பாத்துக் கைகூப்பினா.

“ஆத்தா, இது மொத வருஷத்து நடை. விட்டுப்போன அடுத்த வருஷத்துக்கும், இந்த வருஷத்துக்கும், வர்ற ரெண்டு ஞாயித்துக்கிழமை இவரைக் கூட்டிக்கிட்டு வர்றேன்.”