ஒன்றரை அங்குலம்

ஞாயிறு காலை பத்து மணிக்கு அந்தச் சந்தில் இருந்தவர்கள்: எட்வர்ட், அவன் மனைவி ஏஞ்சலின், மெக்கானிக் ஜெகன், ஹவுஸ் ஓனர் முனிகிருஷ்ணன். நடுவில், முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் ஒரு கார்.

காருக்குள் எட்வர்ட் இருந்தான். இடப்பக்கம் அவன் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சுவர், வலப்பக்கம் மதில். கதவைத் திறக்க வழியில்லை.

"இன்னா ஜெகன், மாட்டிக்கிச்சு?"

"ஸ்பேசர் போட்டா வண்டி அகலமாத்தாண்ணா ஆவும்."

"இத்த முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீ கேக்கலியேண்ணா."

ஆறு மாதத்துக்கு முன் இரும்பாலையின் நைட் ஷிப்டை விட்டு வந்தவன் எட்வர்ட். அங்கே திரும்ப எடுக்க மாட்டார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனி, கசடு கொட்டும் மேட்டுக்கு இன்ஜினியர்களை ஏற்றிப் போக உயரமான வண்டி கேட்டிருந்தது. திங்கள் காலை ஏழு மணிக்கு வண்டி கேட்டில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வேலை, போட்டிக்கு நிற்கும் வண்டிக்காரன் மோகன்ராஜுக்கு. இன்னொரு வேலைக்கு எங்கும் வாய்ப்பில்லை.

அதற்காகக் காரை உயரமாக்கினான். "பெரிய டயரா போடு நைனா, அப்பத்தான் லட்சணம்" என்றார் முனிகிருஷ்ணன். போட்டான். திருப்பும்போதெல்லாம் டயர் உட்பக்கம் சேசிஸ் சட்டத்தில் உரசியது. சக்கரத்தை வெளியே தள்ள, சக்கரத்துக்கும் அதை மாட்டும் ஹப்புக்கும் நடுவே ஒன்றரை அங்குலத்தில் ஒரு வளையம் வைக்கலாம், அதற்கு ஸ்பேசர் என்று பெயர் என்றான் ஜெகன். "பேஷா போடு" என்றார் முனிகிருஷ்ணன். ஞாயிற்றுக்கிழமை ஜெகனுக்குக் கடை லீவு. அதனால் வீட்டின் பின்பக்கத்திலேயே நாலு சக்கரத்துக்கும் மாட்டினார்கள். தெருவுக்கு வர இந்தச் சந்து ஒன்றுதான் வழி. அதை யாரும் அளக்கவில்லை. மெக்கானிக்குகள் வண்டியைத்தான் அளப்பார்கள்.

"ஸ்பேசரக் கழட்டுடா" என்றாள் ஏஞ்சலின்.

"ஸ்பானர் நுழையவே எடமில்லக்கா. கொஞ்சம் காத்த எறக்கிப் பாக்கலாம்."

இறக்கினான். டயர் பிதுங்கி இன்னும் அகலமானது.

ஏஞ்சலின் ஒரு வாளி சோப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து சுவரோடு ஊற்றினாள். எட்வர்ட் ஆக்சிலேட்டரை மிதித்தான். சக்கரங்கள் ஒரே இடத்தில் சுழன்றன. காரின் மூக்கு கோணலாகத் திரும்பி மதிலில் இறுகியது. நுரை மொத்தமும் ஜெகன் முகத்தில்.

"நைட் ஷிப்டே தேவலாம்யா. ராத்திரி முழுக்க எங்க இருக்கன்னாவது தெரிஞ்சுது" என்றாள் ஏஞ்சலின்.

எட்வர்ட் பின் சீட்டுக்குத் தாவினான். டிக்கி வழியாக ஊர்ந்து வெளியே வந்தான்.

அப்போது முனிகிருஷ்ணன் உள்ளே போய்க் கடப்பாரையோடு வந்தார்.

"மதில இடிச்சிடு நைனா."

"சார், மதிலு?"

"பொழப்பு பெருசா, செங்கல்லு பெருசா? நான் கட்டிக்கிறேன். எனக்கு முதுவுல புடிப்பு, நீயே குத்து."

"உங்க மதிலுதான சார்?" என்று ஏஞ்சலின் கேட்டாள்.

"பின்ன, யாருதும்மா?"

எட்வர்ட் அடியில் நாலு செங்கல்லைத்தான் பெயர்த்தான். அஸ்திவாரமே இல்லாத மதில், பன்னிரண்டடி நீளத்துக்கு அப்படியே அந்தப் பக்கம் சாய்ந்தது. கார் வெளியே வந்தது. தெருவில் திருப்பியதும் டயர் இப்போது வெளிப்பக்கம் மட்கார்டில் உரசியது.

புழுதி அடங்கியபோது அந்தப் பக்கத்து வீட்டு பச்சையப்பன் கையில் சோற்றுத் தட்டோடு நின்றிருந்தார். இடது கையால் நாலு போட்டோ எடுத்தார். பிறகு போன் செய்தார்.

சாயங்காலம் எட்வர்ட் ஸ்டேஷனில் இருந்தான்.

"மேடம், காலையில ஏழு மணிக்கு வண்டி கேட்ல நிக்கணும். இல்லன்னா பொழப்பே போச்சு."

"காலையில உனக்குக் கோர்ட்டு" என்றார் ஏட்டம்மா ஆரோக்கியமேரி.

"இடிக்கச் சொன்னதே எங்க ஓனருதான். கூப்ட்டுக் கேளுங்க மேடம்."

"அவுரு மத்தியானமே வந்து எழுதிக் குடுத்துட்டாரு. 'வேணாம் வேணாம்னு கையப் புடிச்சேன், கேக்கல'ன்னு."

எட்வர்ட் உள்ளே போனான். ஆரோக்கியமேரி கதவைச் சாத்திப் பூட்டினார். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பச்சையப்பனுக்கும் அவுருக்கும் கேசு நடந்து, பதினோரு வருசமா இடிக்கக் கூடாதுன்னு கோர்ட்டு தடை இருக்கிற மதிலுப்பா அது, அவுரு தொட்டா ஜெயிலு, அதனாலதான் பெரிய காரு வச்சிக்கினு இருக்கிறவனாப் பாத்து ஊடு வாடகைக்கு வுட்டாரு."