பை இங்கேதான் இருக்கு

பையைத் திறந்ததும் பிளம்பருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. உள்ளே பழைய துணி இருந்தது.

பல் டாக்டரின் வாஷ்பேசினுக்கு அடியில் அவர் மல்லாந்து படுத்திருந்தார். மெயின் வால்வை மூடியாகிவிட்டது. தளர்ந்து கிடந்த குழாயைக் கையாலேயே கழற்றியும் ஆகிவிட்டது. திரும்ப மாட்ட ஸ்பானர் வேண்டும். துணியை வெளியே இழுத்தார். அடியில் ஒரு செங்கல். அவ்வளவுதான்.

"ஆச்சா?" என்று மேலேயிருந்து டாக்டரம்மா கேட்டார்.

"ஆயிட்டே இருக்குங்க."

"பேஷன்ட் வாயில அச்சு எடுக்க மாவு வச்சிருக்கேன். கொப்பளிக்கத் தண்ணி வேணும்."

நாற்காலியில் சாய்ந்திருந்த பெண்மணி ஏதோ சொன்னார். மாவைத் தாண்டி வந்ததால் வார்த்தை புரியவில்லை. கோபம் புரிந்தது.

பிளம்பரிடம் நான்கு பைகள் இருந்தன. ஒன்றில்தான் சாமான்கள். மற்ற மூன்றிலும் துணியும் செங்கலும். ஒரு வீட்டுக்குப் போவார். குழாயைக் கழற்றிப் போடுவார். அதற்குள் அடுத்த வீட்டிலிருந்து போன் வரும். துணிப்பையைக் கூடத்தின் நடுவில் வைத்துவிட்டு, "பையைப் பத்திரமா பாத்துக்கங்க, இதோ வந்துடுறேன்" என்று கிளம்பிவிடுவார். பை இருந்தால் ஆள் வருவான் என்று வீட்டுக்காரர்கள் நம்புவார்கள். வேறு பிளம்பரைக் கூப்பிட மாட்டார்கள்.

காலையில் வக்கீல் வீட்டிலிருந்து கிளம்பிய அவசரத்தில் பை மாறிவிட்டது. சாமான் பை அங்கே. செங்கல் இங்கே.

பைகளைத் தைத்துக் கொடுத்தவள் மனைவி. நாலு எதற்கு என்று அவள் கேட்டபோது அவர் பெருமையாக விளக்கினார். அவள் சிரிக்கவில்லை.

"முடியாதுன்னு சொல்லிட்டா ஒரு பை போதுமே" என்றாள்.

தையல்தான் அவள் தொழில். ஒரு நாளைக்கு இரண்டு சட்டை. மூன்றாவது சட்டையோடு வருகிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவாள். பிழைக்கத் தெரியாதவள் என்பது பிளம்பரின் தீர்ப்பு.

இன்று சாயங்கால பஸ்ஸில் இருவரும் கடல் பார்க்கப் போவதாக ஏற்பாடு. கல்யாணமான புதிதில் அவர் சொன்ன கடல். அப்புறம் வருஷா வருஷம், "இதோ போயிடலாம்." இந்தத் தடவை டிக்கெட்டை அவளே எடுத்துவிட்டாள். காலையில் வாசல் வரை வந்தாள்.

"இன்னிக்கும் வரலைன்னா பாருங்க."

"என்ன செய்வே?"

"அதான், பாருங்கன்னு சொல்றேனே."

பிளம்பர் துணியையும் செங்கலையும் திரும்பத் திணித்துக்கொண்டு வெளியே ஊர்ந்து வந்தார்.

"டாக்டரம்மா, ஒரு வாஷர் வாங்கணும். பையைப் பத்திரமா பாத்துக்கங்க, இதோ வந்துடுறேன்."

டாக்டரம்மா வழியை மறித்துக்கொண்டு நின்றார். "போன மாசமும் ஒருத்தர் இப்படித்தான் போனாரு. போனையும் வச்சுட்டுப் போங்க."

"என்னை என்ன திருடன்னு நினைச்சீங்களா?"

"பிளம்பர்னு நினைச்சேன். வைங்க."

போனை மேஜைமேல் அறைந்து வைத்துவிட்டுப் போனார். முன்னறையில் ஆறேழு பேர் கன்னத்தைப் பிடித்தபடி அவரை முறைத்தார்கள்.

வக்கீல் வீட்டுக் கூடத்தில் பை இல்லை.

"பை எங்க சார்?"

"பீரோவுல. பூட்டியிருக்கேன்" என்றார் வக்கீல். பாதியில் நின்ற குளியல். இடுப்பில் துண்டு. தலையில் காலையில் போட்ட சோப்பு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. "கோர்ட்டுக்குப் போகலை. உங்களாலதான்."

"பையைக் கொடுங்க, உடனே முடிச்சுடுறேன்."

"முடிங்க, பையைக் கொடுக்கிறேன்."

"பை இருந்தாத்தானே சார் முடிக்க முடியும்?"

"பையைக் கொடுத்தா நீங்க இருக்க மாட்டீங்களே."

இருவர் பேச்சும் நியாயமாக இருந்தது. அதுதான் பிளம்பருக்குப் பொறுக்கவில்லை.

"எனக்கு என்ன சார், பத்துக் கையா இருக்கு? அங்க ஒரு அம்மா வாயில மாவோட உக்காந்திருக்காங்க!"

"நான் தலையில சோப்போட உக்காந்திருக்கேன். எனக்கு வாய்தா கொடுத்துட்டு அவங்களுக்குத் தீர்ப்பா?"

கொஞ்ச நேரம் கத்தினார்கள். முடிவில் வக்கீல் ஒரு சமரசம் சொன்னார். பைக்குப் பதில் வண்டிச் சாவி. கொடுக்காவிட்டால் பேச்சே கிடையாது. பிளம்பர் சாவியைக் கழற்றிக் கொடுத்தார். வக்கீல் அதைத் துண்டின் முனையில் முடிந்துகொண்டார்.

சாமான் பை கனமானது. வண்டியில் வைத்தால் தெரியாது. பிளம்பர் அதைத் தோள் மாற்றி மாற்றிச் சுமந்துகொண்டு நடந்தார். வக்கீலைத் திட்டினார். டாக்டரம்மாவைத் திட்டினார். குழாயைக் கண்டுபிடித்தவனைத் திட்டினார். எல்லாருக்கும் இன்றைக்கே வேண்டும், இப்போதே வேண்டும். ஊரில் இருக்கிற எல்லாக் குழாய்களும் ஒருத்தன் கடல் பார்க்கப் போகிற அன்றைக்கா ஒழுக வேண்டும்?

பேக்கரி வாசலைத் தலையைக் குனிந்து கடக்கப் பார்த்தார். பேக்கரிக்காரம்மா விடவில்லை.

"உங்க பை ஒரு வாரமா இங்கேதான் இருக்கு. தினமும் தூசி தட்டி வைக்கிறேன்."

"இதோ வந்துடுறேன்" என்று நிற்காமலே சொன்னார். அந்தச் சொல் அவர் யோசிப்பதற்கு முன்னாலேயே வாயிலிருந்து குதித்துவிடும்.

"பிளம்பரே, உங்க பல்லை உடைக்கிற அளவுக்கு ரொட்டி காயட்டும்னு எடுத்து வச்சிருக்கேன், வாங்க!" என்று அந்தம்மாள் பின்னாலிருந்து கத்தினார்.

பல் டாக்டரின் மாடிப்படியில் துணி சிதறிக் கிடந்தது. கடைசிப் படியில் செங்கல். அதற்கு மேல் டாக்டரம்மா.

"என்ன இது?"

"அது... குழாய்க்கு முட்டுக் கொடுக்கிற கல்லுங்க."

"உங்க வீட்டம்மா போன் பண்ணாங்க. நான் எடுத்தேன். கவலைப்படாதீங்கம்மா, பையை இங்க வச்சுட்டுத்தான் போயிருக்காரு, இப்ப வந்துடுவாருன்னு சொன்னேன். அவங்க ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. பையைத் திறந்து பாத்தீங்களான்னு."

பிளம்பர் காதுவரை சிவந்தார். "அவ சொன்னாளா?"

"செங்கல்னு சொன்னேன். தெரியும்னாங்க. வச்சுட்டாங்க."

கட்டிய புருஷனைக் காட்டிக் கொடுத்திருக்கிறாள்! ஒரு வாடிக்கையாளரிடம்! வரட்டும், பஸ்ஸில் பக்கத்தில்தானே உட்கார வேண்டும், கடல் வரை கேட்டுக்கொண்டே போகலாம் என்று நினைத்துக்கொண்டார். அந்த ஆத்திரத்தோடு வாஷ்பேசினுக்கு அடியில் புகுந்தார்.

வேலை ஒன்றும் பெரியதில்லை. வாஷரை மாற்றி, டேப் சுற்றி, ஸ்பானரால் இறுக்கினார். இருந்த இடத்தில் இருந்திருந்தால் காலையிலேயே முடிந்திருக்கும். வால்வைத் திறந்தார். தண்ணீர் வந்தது.

நாற்காலிப் பெண்மணி நெடுநேரம் கொப்பளித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"இதோ எடுத்துடுறேன்னுதான் டாக்டரும் வாயில வச்சாங்க" என்றார். "வச்சுட்டு அடுத்த ரூமுக்குப் போயிட்டாங்க. தண்ணி நின்னது அதுக்கு அப்புறம்தான்."

டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிளம்பர் ஏதாவது சொல்லியிருப்பார். ஆனால் அதே ஜன்னலை அவரும் பார்த்துவிட்டார். எதிர்ச்சுவரில் வெயில் மஞ்சளாகி மேலே ஏறிக்கொண்டிருந்தது.

போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். மனைவியைக் கூப்பிட்டார். போனை அணைத்து வைத்திருந்தாள். திரும்பவும் கூப்பிட்டார். அதற்குள் இன்னொரு அழைப்பு உள்ளே வந்தது.

"பிளம்பரா? வீடெல்லாம் தண்ணி. எப்ப வரீங்க?"

இதோ என்று வாய் திறந்தது. மூடிக்கொண்டார். நடுத்தெருவில் நின்று மூச்சு வாங்கினார்.

"இன்னிக்கு முடியாது."

"எங்க, அடுத்த தெருவுலதான் இருக்கீங்களா?"

"முடியாதுங்க."

"சரி, அரை மணியில வந்துடுவீங்களா?"

"அய்யோ, முடியாதுன்னா முடியாது! இந்த வாரமே முடியாது! நான் ஒரே ஒரு ஆளு! வேற யாரையாவது கூப்பிடுங்க!"



"இதை முதல்லயே சொல்லக்கூடாதா? ரொம்ப நன்றிங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

நன்றி. இத்தனை வருஷத்தில், செய்யாத வேலைக்குக் கிடைத்த முதல் நன்றி. இவ்வளவுதானா விஷயம் என்று பிளம்பருக்கு இன்னும் கோபம் வந்தது. சாமான் பையோடு வீட்டை நோக்கி ஓடினார். வண்டி வக்கீலிடம் இருக்கட்டும். ஊரிலிருந்து வந்து வாங்கிக்கொள்ளலாம்.

வீடு திறந்திருந்தது. கூடம் பெருக்கியிருந்தது. தையல் மெஷினை உறை போட்டு மூடியிருந்தாள். பஸ் போய்விட்டது. அவளும் போய்விட்டாள்.

அப்போதுதான் அதைப் பார்த்தார். கூடத்தின் நடுவில், ஊருக்குப் போவதற்காக அவள் வாங்கிய புதுப் பை, ஜிப் போட்டு நிற்க வைத்திருந்தது.

போகவில்லை. பிளம்பர் பையின் பக்கத்திலேயே தரையில் பொத்தென்று உட்கார்ந்தார். தூக்கிப் பார்த்தார். நல்ல கனம். எல்லாவற்றையும் அடுக்கியிருக்கிறாள். அடியில் ஏதோ கெட்டியாக முழங்காலில் இடித்தது. செருப்பாக இருக்கும்.

நிம்மதி வந்ததும் பின்னாலேயே கோபமும் வந்தது. நாய் மாதிரி இவர் ஓடி வந்திருக்கிறார், இவள் எங்கே போனாள்? நாளைக்காலை பஸ்ஸையாவது பிடிக்க வேண்டாமா? ஒரு நாள், ஒரே ஒரு நாள் சரியான நேரத்துக்கு வீட்டில் இருக்கத் தெரியாதா?

எதிர்வீட்டம்மா சாவிக்கொத்தோடு உள்ளே வந்தார்.

"வந்துட்டீங்களா தம்பி? நல்லதாப் போச்சு. கதவைத் திறந்து போட்டுட்டு நான் எத்தனை நேரம் காவல் இருக்கிறது?"

"எங்கம்மா அவ? பையை இங்க போட்டுட்டு எங்க ஊர் சுத்தப் போயிருக்கா?"

"எனக்கு என்ன தெரியும்? சாயங்காலம் தலையைச் சீவிக்கிட்டுக் கிளம்பிச்சு" என்றார் எதிர்வீட்டம்மா. "பையைப் பத்திரமா பாத்துக்கங்க, இதோ வந்துடுறேன்னு உங்ககிட்டச் சொல்லச் சொல்லுச்சு."