நாலு மணிக்குப் போகும் பேட்டரி

போன் பேட்டரி நிற்க மாட்டேங்குதே என்று ஊரே தலையில் கை வைத்துக்கொண்டிருக்க, நிற்காத பேட்டரிக்கு மனசுக்குள் கும்பிடு போட்ட ஒரே மனுஷர் நம்ம எடைமேடைக்காரர்தான்.

லாரியை மேடையில் ஏற்றி, எடை போட்டு, சீட்டு கிழித்துக் கொடுக்கிற வேலை அவருக்கு. மணலில் தண்ணீரை ஊற்றிக் கனம் கூட்டிக் கொண்டுவந்தாலும், டயர் பிதுங்குகிறதைப் பார்த்தே சொல்லிவிடுவார். "என்னை ஏமாத்த ஒருத்தன் இனிமேதான் பிறக்கணும்" என்பார். ஒருத்தியைப் பற்றி அவர் யோசித்ததில்லை.

நாலு மணிக்கு வேலை முடியும். வீடு பத்து நிமிஷ நடை. இவர் போய்ச் சேர ஆறரை ஆகும். நடுவில் முடிவெட்டுகிறவர் கடை இருக்கிறதே! அதன் பின்னறையில் ஒரு கேரம் போர்டு. அந்த இரண்டரை மணி நேரம்தான் அவருடைய ராஜ்ஜியம்.

முன்பெல்லாம் அந்த ராஜ்ஜியத்தில் தினமும் படையெடுப்பு. சிவப்புக் காயைக் குறிபார்த்து விரலை மடக்குவார், போன் அடிக்கும்.

"என்னங்க, வரும்போது சோப்பு."

மறுபடி மடக்குவார்.

"என்னங்க, சோப்போட ஒரு துடைப்பம். ஆமா, அங்க என்ன டொக்கு டொக்குன்னு சத்தம்?"

"லாரி டயரைத் தட்டிப் பார்க்கிறாங்கம்மா."

இப்படி இருக்கையில்தான் அந்த மூணு வருஷப் போன் அவர்மேல் இரக்கப்பட்டது. நாற்பது காட்டும், பொசுக்கென்று அணைந்துவிடும். முதல் நாள் எரிச்சல் வந்தது. அன்றைக்கு ஏழு ஆட்டத்தில் ஐந்து ஜெயித்ததும் எரிச்சல் போய் பக்தி வந்துவிட்டது. ஆனால் பேட்டரியை நம்ப முடியாது, சில நாள் ஐந்து மணி வரை உயிரை வைத்துக்கொண்டிருக்கும். அதனால் நாலு அடித்ததும், எவ்வளவு மிச்சம் என்றுகூடப் பார்க்காமல், தன் கையாலேயே போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுவிடுவார். வீட்டுக்குப் போனதும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மனைவியிடம் நீட்டுவார். அவள்தான் சார்ஜில் போடுவாள்.

"பேட்டரியை மாத்தித் தொலைங்களேன்."

"கடையில போடுறது எல்லாம் போலி. சட்டைப்பையில வெடிச்சா நெஞ்சுல ஓட்டை."

"அப்ப கம்பெனி பேட்டரியே போடுங்க."

"போனைப் பசை போட்டு ஒட்டியிருக்கான். அதைப் பிரிக்கிறது இதய ஆபரேஷன் மாதிரி. பிழைச்சா உண்டு."

"கூடவே எடுத்துட்டுப் போற சார்ஜர் ஒண்ணு விக்குதே, செங்கல் மாதிரி?"

"நீயே செங்கல்னு சொல்லிட்டே. நாளெல்லாம் கனம் பார்க்கிறவன், நானும் சுமக்கணுமா?"

"புதுப் போனே வாங்கிடுங்க."

"அதுவும் மூணு வருஷத்துல இப்படித்தான் ஆகும். அப்படிச் செய்யறதுக்குன்னே சம்பளம் குடுத்து ஆள் வச்சிருக்கான்!"

அவள் தன் போனை எடுத்துப் பார்த்தாள். ரெண்டும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய இரட்டைப் பிள்ளைகள். அளவாய்ப் பேசுகிறவள் கையில் இருந்த பிள்ளை திடமாய் இருந்தது. படுக்கையிலும் விடாமல் வீடியோ பார்த்தவர் கையில் இருந்தது இளைத்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டு, குறட்டை விட்டு, அஞ்சு மணிக்கு எழுந்தார். அன்றோடு அவள் பேட்டரிப் பேச்சை விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் ஒரே ஒரு கேள்விதான்.

"இன்னைக்கு எத்தனை மணிக்குப் போச்சு?"

"நாலுக்குப் போச்சு. உனக்கு ஒரு வார்த்தை பேசலாம்னு கையில எடுக்கிறேன், கண்ணை மூடிடுச்சு."

"அடப் பாவமே!"

மறுநாள், "இன்னைக்கு மூணே முக்காலுக்கே."

"ரொம்ப முடியலை போலிருக்கு அதுக்கு."

தன் நடிப்பை எண்ணி அவருக்கே புல்லரித்தது. முடிவெட்டுகிறவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "பொண்டாட்டியைச் சமாளிக்கத் திறமை வேணும்ணே!"

முடிவெட்டுகிற அண்ணன் சீப்பை உதறிக்கொண்டே, "என் வீட்டுக்காரிகிட்ட இதைச் சொல்லிடாதீங்க. எனக்கும் நாலு மணிக்குப் பேட்டரி போறதுதான்" என்றார்.

ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து ஒரு நாள், தொடர்ந்து ஆறு ஆட்டம் ஜெயித்து, நல்ல பசியோடு வீட்டுக்கு வந்தார். கதவில் பூட்டு. சாவி அவளிடம். அவருடைய சாவியை அவர் தொலைத்துத்தான் எத்தனையோ மாதம் ஆகிறதே.

வேறு வழியில்லாமல் போனை உயிர்ப்பித்தார். எண்பத்திரண்டு காட்டியது. கண்ணைக் கசக்கிப் பார்த்தார். எண்பத்திரண்டுதான். பழையபடி பொய்க் கணக்கு காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டு, அணைவதற்குள் அவளைக் கூப்பிட்டார். அவள் போன் அணைந்திருந்தது. பதினாலு தடவை கூப்பிட்டார். வயிறு கூவியது. மேல்மாடிக்காரர் இரண்டு முறை இறங்கி ஏறினார், இரண்டு முறையும் "சாவி இல்லையா சார்?" என்று கேட்டார். பேட்டரி எண்பதுக்குக் கீழே இறங்க மறுத்தது.

ஏழரை மணிக்கு அவளும் அவள் தங்கையும் சிரித்துக்கொண்டே தெருமுனையில் திரும்பினார்கள்.

"எங்கே போனே? கூப்பிட்டுக் கூப்பிட்டு விரல் தேய்ஞ்சு போச்சு!"

"படத்துக்குங்க. உங்களுக்குச் சொல்லலாம்னு போனைக் கையில எடுக்கிறேன், நாலு மணிக்கே கண்ணை மூடிடுச்சு."

"பொய் சொல்லாதே! உன் பேட்டரிதான் கல்லு மாதிரி இருக்குமே?"

"இப்பவும் கல்லு மாதிரிதான் இருக்கு. உங்க போனுக்குள்ள." அவள் நிதானமாகச் சாவியைத் தேடி எடுத்தாள். "ஞாயித்துக்கிழமை நீங்க தூங்கின நேரத்துல கடையில குடுத்து ரெண்டையும் மாத்திட்டேன். ஒரே மாதிரி போன் பாருங்க, அரை மணி நேர வேலை. ரெண்டு வாரமா நோயாளியை நான்தான் பார்த்துக்கறேன்."

எடைமேடைக்காரர் தன் போனை இன்னொரு முறை எடுத்துப் பார்த்தார். எண்பதுதான். தங்கைக்காரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்க நின்றாள்.

கதவைத் திறந்து, விளக்கைப் போட்டுவிட்டு, அவள் அக்கறையாகத் திரும்பிக் கேட்டாள்:

"அது கிடக்கட்டும், உங்களுது இன்னைக்கு எத்தனை மணிக்குப் போச்சு?"