தாசில்தார் அக்கா எடுத்த ஸ்கேன்

வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளையை அதட்டித் திரும்பிப் படுக்கவைக்கக்கூடிய ஒரே மனுஷி, இந்தக் காவிரிப் படுகையிலேயே தாசில்தார் அக்காதான். அவருக்கும் தாலுகா ஆபீசுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கீழ்வேளூர்ப் பக்கம் பிரசவம் பார்க்கும் நர்ஸ்.

எங்களைப் போன்ற பிரசவ நர்ஸ்களுக்கு ஸ்கேன் எடுக்கக் கற்றுக்கொடுப்பதாகத் தஞ்சாவூருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கேதான் அவரைப் பார்த்தேன். முதல் நாளே ஒரு கர்ப்பிணியின் வயிற்றில் கருவியை வைத்தவர், "தலை தெரியுது! நல்ல உருண்டைத் தலை!" என்று கத்தினார்.

பயிற்சி கொடுத்த டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். "அது மூத்திரப்பை."

"அதான பாத்தேன், மூக்கு முழி ஒண்ணையும் காணோமேன்னு!"

அக்கா அசரவில்லை. கை பழக வேண்டும் என்று, லீவுக்கு ஊருக்குப் போன இடத்தில், மதியம் சாப்பிட்டுவிட்டு மல்லாந்து தூங்கும் கணவரின் தொந்தியில் விளக்கெண்ணெய் தடவி, சோப்பு டப்பாவை நகர்த்திப் பழகினார். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதைச் சொல்ல வந்த பக்கத்து வயல்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னம்மா இது?"

"ஏழு மாசம் இருக்கும். உள்ள வாங்க."

மறுநாளிலிருந்து அந்த மனுஷர் குப்புறப் படுக்க ஆரம்பித்தார்.

ஆணா பெண்ணா என்று மட்டும் சொல்லக் கூடாது, சட்டம். பிள்ளையோடு பேசாமல் அக்காவுக்கோ ஸ்கேன் வராது. 'வாடா' என்றாலும் தப்பு, 'வாடி' என்றாலும் தப்பு. யோசித்துப் பார்த்துவிட்டு எல்லாப் பிள்ளைகளையும் தாசில்தார் ஆக்கிவிட்டார். "தாசில்தார் முதுகைக் காட்டிக்கிட்டு இருக்காங்க. இப்படித் திரும்புங்க, ஒரு மனு கொடுக்கணும்."

ஒரு மாமியார் நைசாகக் கேட்டார்: "தாசில்தார் வேட்டியா, புடவையா?"

"ஒண்ணுமே கட்டல. விவரத்தை வெளியில வந்து சொல்லுவாங்க, போங்க."

பயிற்சி முடியப் போகிற சமயம், கூத்தாநல்லூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். தலைச்சன் பிள்ளை, நிறைமாதம் நெருங்குகிறது. கணவன் துபாயில். வலி, வேதனை எதுவும் இல்லை. அக்கா வழக்கம்போல் பேசிக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்தினார். அவர் வாய் மூடி நாங்கள் பார்த்ததே இல்லை.

"டாக்டரம்மா, கொஞ்சம் வாங்க."

பிள்ளை வெளியே வரும் வழியை நஞ்சுக்கொடி அடைத்துக்கொண்டு கிடந்தது. டாக்டரம்மாவும் பார்த்துவிட்டு, அதேதான் என்றார். வீட்டில் வலி கண்டால் இரத்தம் கொட்டும். இரண்டு உயிருக்கும் ஆபத்து. உடனே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும்.

"வலியே இல்லியேம்மா, மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு நாளைக்கி வர்றோமே" என்றார் பெண்ணின் தாய்.

"வண்டியில போய்க்கிட்டே கேக்கலாம். நானும் வர்றேன், ஏறுங்க" என்றார் அக்கா.

போகும் வழியெல்லாம் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, தொந்தி ஸ்கேன் கதையை நடித்துக் காட்டினாராம். அழத் தொடங்கியவள், வண்டி நின்றபோது சிரித்துக்கொண்டே இறங்கினாளாம்.

ஆபரேஷன் நடந்த அன்று நானும் போயிருந்தேன். தாயும் பிள்ளையும் நலம் என்று சொன்னதும் அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"என்னக்கா, அழுவறீங்களா?"

"பசிடி. காலையிலேருந்து பட்டினி."

மூன்று இட்லி வாங்கிக் கொடுத்தேன். ஒன்றைக்கூடத் தொடவில்லை.

இந்த வருஷம் எனக்கு நாள் தள்ளிப்போனது. நானும் ஸ்கேன் படித்தவள்தான். எங்கள் ஊரில் டாக்டருக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் காலையில் எழுந்ததும் கீழ்வேளூருக்குத்தான் பஸ் ஏறினேன்.